டெக்சஸில் இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர் லைசென்ஸ்: எதை எடுப்பது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறீர்கள். சிவில் எஞ்சினியரிங் படித்து, சென்னையில் மூன்று வருடம் சைட்டில் வேலை பார்த்திருக்கிறீர்கள். இப்போது கணவரின் எச்-1பி வேலை விசாவை ஒட்டி வரும் எச்-4 விசா, கையில் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இருக்கிறது. பையன் இரண்டாம் வகுப்பு. இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர் வேலைக்கு, அதாவது இன்சூரன்ஸ் கிளெய்மில் நஷ்டம் எவ்வளவு என்று மதிப்பிடும் வேலைக்குப் போகலாம் என்று பார்த்தால் ஆல் லைன்ஸ், பி அண்ட் சி, வொர்க்கர்ஸ் காம்ப், பப்ளிக் என்று நாலைந்து லைசென்ஸ் பெயர் வருகிறது. போதாததற்குத் தெரிந்தவர் ஒருவர் “புளோரிடா லைசென்ஸ் எடுங்கள், அதுதான் எல்லா மாநிலத்திலும் செல்லும்” என்கிறார். எதை எடுப்பது?

நீங்கள் கேட்டது லைசென்ஸ் பெயரை. ஆனால் அதற்குள்ளே இருப்பது வேறு இரண்டு கேள்விகள். நஷ்டம் ஏற்பட்ட வீட்டுக்குள் நீங்கள் யாருடைய ஆளாக நுழையப் போகிறீர்கள், கம்பெனியின் ஆளாகவா, வீட்டுக்காரரின் ஆளாகவா? அடுத்தது, வருடத்தில் எத்தனை நாள் வீட்டை விட்டு வெளியே இருக்க முடியும்? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் லைசென்ஸ் தானாக முடிவாகிவிடும். இரண்டாவதற்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எல்லோரும் கோட்டை விடுவது அதில்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. திருச்சியில் பாலிடெக்னிக் சிவில் முடித்தவன். ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறேன். 2016-இல் டெக்சஸ் ஆல் லைன்ஸ் லைசென்ஸ் எடுத்தேன். அன்று முதல் வீட்டுச் சொத்துக் கிளெய்ம்கள்தான் என் பிழைப்பு, பெரும்பாலும் ஆலங்கட்டியும் காற்றும். கார் கிளெய்ம் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலையிடத்தில் அடிபட்டவர்களின் கிளெய்ம், ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அதைப் பற்றி நான் சொல்வது படித்ததுதான், பழகியதில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியதில் இருந்து தொடங்குகிறேன். டெக்சஸ் இன்சூரன்ஸ் சட்டத்தில் அட்ஜஸ்டர்களுக்கு ஓர் அத்தியாயம், 4101. பப்ளிக் அட்ஜஸ்டர்களுக்குத் தனி அத்தியாயம், 4102. உங்களைப் பொறுத்தவரை பெரிய பிரிவினை அது ஒன்றுதான். ஸ்டாஃப் அட்ஜஸ்டர், இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டர் என்று கேள்விப்படுகிறீர்களே, டெக்சஸில் அவை இரண்டு லைசென்ஸ் இல்லை. இரண்டு பேரும் வாங்குவது ஒரே லைசென்ஸ்தான். ஸ்டாஃப் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியின் மாதச் சம்பள ஊழியர். இண்டிபெண்டன்ட் என்றால் கம்பெனிகளுக்கு ஆள் கொடுக்கும் இடைநிலை நிறுவனம் ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டு, முடிக்கும் கிளெய்முக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர். அந்த ‘இண்டிபெண்டன்ட்’ என்ற சொல் ஆளை ஏமாற்றும். நடுநிலையாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவருக்கும் பணம் கம்பெனிப் பக்கத்தில் இருந்துதான் வருகிறது. பப்ளிக் அட்ஜஸ்டர் மட்டும்தான் வீட்டுக்காரர் பக்கம் உட்கார்ந்து, வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் தொகையில் பங்கு வாங்குபவர். பப்ளிக் என்றதும் அரசாங்க ஆள் என்று நினைத்த நம்மவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

நம்மூரில் இன்சூரன்ஸ் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயரை வைத்து இதைப் புரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும். என் சித்தப்பா ஈரோட்டில் மோட்டார் சர்வேயராக இருந்தவர். அங்கே ஐஆர்டிஏஐ என்ற ஒரே அமைப்பு லைசென்ஸ் கொடுக்கிறது. தீ, கடல் சரக்கு, மோட்டார் என்று துறை வாரியாகத் தகுதி வாங்க வேண்டும், ஆனால் நாடு முழுக்க ஒரே விதி. இங்கே இன்சூரன்ஸை நெறிப்படுத்துவது மாநிலங்களின் வேலை என்று 1945-ஆம் வருடத்து மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் விட்டுவிட்டது. அதனால் ஐம்பது மாநிலமும் ஐம்பது மாதிரி. சில மாநிலங்களில் கம்பெனி ஊழியருக்கு லைசென்ஸே தேவையில்லை. டெக்சஸில் அவருக்கும் தேவை.

புளோரிடா ஆலோசனை எங்கே இருந்து வந்தது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். நியூஜெர்சி, இல்லினாய், பென்சில்வேனியா, ஒஹாயோ, வர்ஜீனியா மாதிரி மாநிலங்களில் இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டருக்கு லைசென்ஸ் என்ற ஏற்பாடே கிடையாது. நியூஜெர்சியின் எடிசனில் குடியிருக்கும் ஒருவர் லூயிசியானாவில் புயல் வேலைக்குப் போக வேண்டுமென்றால், அந்த மாநிலம் “உன் சொந்த மாநில லைசென்ஸ் எங்கே?” என்று கேட்கும். அவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அதற்காக வந்தது ‘டெசிக்னேட்டட் ஹோம் ஸ்டேட்’ ஏற்பாடு. புளோரிடாவையோ டெக்சஸையோ தன் மாநிலமாகப் பாவித்து அங்கே தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். புளோரிடாவில் அந்த வகைக்கு 70-20 என்று எண். உங்களுக்கு யோசனை சொன்னவர் அநேகமாக இப்படி ஒரு மாநிலத்தில் இருப்பார், அல்லது அப்படி ஒருவரிடம் கேட்டிருப்பார். அவருக்குச் சரியான ஆலோசனை உங்களுக்குத் தவறு. நீங்கள் டெக்சஸில் குடியிருக்கிறீர்கள், டெக்சஸ் லைசென்ஸ் கொடுக்கும் மாநிலம், ஆகவே உங்கள் முதல் லைசென்ஸ் டெக்சஸ்தான். அதை வைத்துக்கொண்டு புளோரிடா உட்படப் பல மாநிலங்களில் வெளி மாநிலத்தவர் லைசென்ஸை மறுதேர்வு இல்லாமல் கட்டணம் கட்டி வாங்கலாம். எல்லா மாநிலமும் அப்படி இல்லை. நியூயார்க்கும் கலிபோர்னியாவும் வெளி லைசென்ஸைப் பார்த்து மயங்குவதில்லை. கலிபோர்னியாவில் இண்டிபெண்டன்ட் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவே இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். “எல்லா மாநிலத்திலும் செல்லும்” லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது.

சரி, டெக்சஸுக்குள் எந்த வகை? பி அண்ட் சி என்பது சொத்தும் விபத்துப் பொறுப்பும், வீடு, கார், கடை எல்லாம் அதில் வரும். வொர்க்கர்ஸ் காம்ப் தனி. இரண்டும் சேர்ந்ததுதான் ஆல் லைன்ஸ். விண்ணப்பக் கட்டணம் 50 டாலர். ஆல் லைன்ஸில் வொர்க்கர்ஸ் காம்ப் பாடம் கூடுதலாக வரும், அவ்வளவுதான் சுமை. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை, ஆல் லைன்ஸ் எடுங்கள். மாநிலம் அங்கீகரித்த 40 மணி நேர வகுப்பு ஒன்று இருக்கிறது, ஆன்லைனிலேயே முடிக்கலாம். அதன் கடைசித் தேர்வில் தேறினால் தேர்வு மையத்துக்குப் போய் மாநிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. அப்புறம் கைரேகை, பின்னணிச் சோதனை. லைசென்ஸ் இரண்டு வருடத்துக்குச் செல்லும். ஒவ்வொரு இரண்டு வருடத்திலும் 24 மணி நேரத் தொடர்கல்வி முடித்துப் புதுப்பிக்க வேண்டும். கட்டணமும் மணிக்கணக்கும் அவ்வப்போது மாறுபவை, பணம் கட்டும் முன் மாநில இன்சூரன்ஸ் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த வகுப்பு என்ன சொல்லிக்கொடுக்கும் என்பதில் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. பாலிசியை எப்படிப் படிப்பது, சட்டம் என்ன சொல்கிறது, டிடக்டிபிள், அதாவது நஷ்டத்தில் வீட்டுக்காரர் தானே ஏற்க வேண்டிய பங்கை எப்படிக் கழிப்பது, இதெல்லாம் வரும். கூரை மேல் என்ன செய்வது என்று வராது. உங்கள் ஊரிலேயே வசந்த காலத்தில் ஆலங்கட்டி விழுமே, அப்படி ஒரு வேலையைச் சொல்கிறேன். ஏணியைச் சாய்த்து மேலே ஏறியதும் முதலில் ஷிங்கிளை, அதாவது கூரையில் அடுக்கியிருக்கும் மணல் ஒட்டிய தார்த் தகடுகளைப் பார்க்க மாட்டோம். குழாய் மூடி, காற்றுப்போக்கி, தண்ணீர் வடியும் தகரம் மாதிரி மெல்லிய உலோகங்களைப் பார்ப்போம். ஆலங்கட்டி உண்மையிலேயே விழுந்ததா, எந்தத் திசையில் இருந்து, எவ்வளவு பெரிது என்று அந்தக் குழிகள் சொல்லிவிடும். கீழே ஏசியின் அலுமினியத் தகடுகள் மடங்கியிருக்கிறதா என்றும் பார்ப்போம். அப்புறம் கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சாக்பீஸில் கட்டம் போட்டு, அதற்குள் அடிபட்ட இடங்களை வட்டமிட்டு எண்ணுவோம். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அடிபட்ட குழியில் சுண்ணம் ஒட்டாது, சுற்றி வெள்ளையாகி நடுவில் கறுப்பாகத் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் பழுத்த பழத்தில் அடிபட்ட இடம் மாதிரி மெத்தென்று அமுங்க வேண்டும். அமுங்காமல் வெறும் மணல் மட்டும் உதிர்ந்திருந்தால் அது வயசான ஷிங்கிளாக இருக்கலாம், கூரை ஆட்கள் நடந்த தடமாக இருக்கலாம், சமயத்தில் யாராவது சுத்தியலால் தட்டியதாகவும் இருக்கலாம். வட டெக்சஸில் மூன்றாவதையும் பார்த்துவிட்டேன்.

இவ்வளவும் முடித்துக் கீழே வந்தால் வீட்டுக்காரர் கேட்பது ஒரே கேள்வி: “கவர் ஆகுமா?” என் முதல் வருடத்தில் ஒரு வயதான அம்மாவிடம் “கண்டிப்பாகக் கவர் ஆகும், கவலைப்படாதீர்கள்” என்று சொல்லிவிட்டேன். நல்ல மனசில்தான் சொன்னேன். அவருடைய பாலிசியில் கூரைக்குத் தேய்மானம் கழித்துத்தான் பணம் என்று இருந்தது. அதோடு காற்று, ஆலங்கட்டிக்கு டிடக்டிபிள் வீட்டுக் காப்புத் தொகையில் 2 சதவீதம். 3 லட்சம் டாலர் வீட்டுக்கு 6,000 டாலர் அவர் பையிலிருந்து. பழைய கூரை, தேய்மானமும் போனதும் கையில் வந்தது அற்பம். நான் சொன்னதைச் சுட்டிக்காட்டிப் புகார் கொடுத்தார், கொடுத்தது நியாயம்தான். கவரேஜை முடிவு செய்வது கம்பெனி, இண்டிபெண்டன்ட் ஆளின் வேலை பார்த்ததை எழுதுவது. இது அந்த 40 மணி நேரப் பாடத்தில் ஒரு வரியாக இருந்தது, நான்தான் வரியாகவே வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பப்ளிக் அட்ஜஸ்டர் பக்கம் வருகிறேன், ஏனென்றால் சிவில் படித்தவர்களுக்கு அதன் மேல் ஓர் ஈர்ப்பு வரும். வீட்டுக்காரருக்காக வாதாடலாம், கூலியும் நன்றாக இருக்கும் என்று தோன்றும். அதற்குத் தனித் தேர்வு, தனி லைசென்ஸ், பிணைப் பத்திரமும் காட்ட வேண்டும். டெக்சஸில் கமிஷன் உச்சவரம்பு, கிளெய்மில் கிடைக்கும் தொகையில் 10 சதவீதம். நஷ்டத்தைத் தெரிவித்த 72 மணி நேரத்துக்குள் கம்பெனி பாலிசியின் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டாலோ, கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டாலோ சதவீதக் கமிஷன் கேட்க முடியாது, செய்த வேலை நேரத்துக்கு நியாயமான கூலி மட்டும்தான். கூரை வேலையையும் கிளெய்ம் பேரத்தையும் ஒரே ஆள் ஒரே வீட்டில் செய்யக் கூடாது. இது வெறும் காகிதச் சட்டம் இல்லை. கூரைக் கம்பெனி ஒன்று இந்தத் தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று வழக்குப் போட்டு, 2024 ஜூனில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஃபிரிஸ்கோவில் ஆலங்கட்டி விழுந்த மறுநாள் உங்கள் கதவைத் தட்டி “உங்கள் இன்சூரன்ஸோடு நாங்களே பேசிக்கொள்கிறோம்” என்று சொல்லும் கூரைக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். டிடக்டிபிளை விட்டுக்கொடுக்கிறேன் என்றால் அதுவும் 2019 செப்டம்பர் முதல் குற்றம். அப்படிப்பட்டவர்கள் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை கொடுக்கிறேன் என்று வருவார்கள், ஜாக்கிரதை. பப்ளிக் லைசென்ஸை எப்போது எடுக்கலாம் என்றால், என் அபிப்பிராயத்தில் கம்பெனிப் பக்கம் நான்கைந்து வருடம் இருந்து, மறுக்கப்பட்ட கிளெய்ம் ஏன் மறுக்கப்பட்டது என்று கடிதத்தைப் பார்த்ததும் தெரியும் பக்குவம் வந்த பிறகு. இது சட்டம் இல்லை, என் அபிப்பிராயம். நேராக அங்கே போய் நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள்.

இனி அந்த இரண்டாவது கேள்வி, எத்தனை நாள் வெளியே இருக்க முடியும். இண்டிபெண்டன்ட் வேலையில் பணம் பார்க்கும் கதைகள் எல்லாம் புயல் கதைகள். 2017 ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி புயல் டெக்சஸில் கரையேறியது, என் ஃபோன் அடுத்த வாரம் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு முன் எட்டு மாதம் அதே ஃபோன் வாய் திறக்கவில்லை, அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. புயல் வேலை என்றால் மூன்று வாரமோ மூன்று மாதமோ, ஏழு நாளும், பகலில் கூரை, இரவில் ஹோட்டல் அறையில் எஸ்டிமேட். கூலி எப்படி என்றால், கிளெய்ம் தொகைக்கு ஏற்ப ஒரு பட்டியல் இருக்கும். அதில் பெரும்பாலும் 60 முதல் 70 சதவீதம் நமக்கு, மீதி இடைநிலை நிறுவனத்துக்கு. பெட்ரோல், ஹோட்டல், ஏணி, சாஃப்ட்வேர் எல்லாம் நம் செலவு. வரி பிடிக்காமல் கொடுப்பார்கள். வருமான வரி போக சுயதொழில் வரி 15.3 சதவீதம் என்று ஒன்று இருக்கிறது, முதல் வருடம் நான் அதை மறந்து ஏப்ரலில் விழித்தேன். ஒரு நிறுவனம் எனக்குப் பணம் கொடுக்கவே ஐந்து மாதம் இழுத்தடித்தது. இரண்டாம் வகுப்புப் பையனை வைத்துக்கொண்டு இது முடியாது என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது உங்கள் கணக்கு. ஆனால் அதை முதல் வருடத்து வேலையாக நம்பாதீர்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் ஆல் லைன்ஸ் எடுத்ததும் ஸ்டாஃப் வேலைக்குத்தான் விண்ணப்பிப்பேன். டல்லாஸ் வட்டாரத்தில் பெரிய கம்பெனிகளின் கிளெய்ம் அலுவலகங்கள் இருக்கின்றன. அனுபவம் இல்லாதவர்களைப் பயிற்சியாளராக எடுக்கிறார்கள், பெரும்பாலும் கார் கிளெய்மிலோ, ஃபோட்டோவைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கும் வீட்டுக் கிளெய்மிலோ போடுவார்கள். சம்பளம் புயல்காரர்களின் பெருமைப் பேச்சுக்கு ஈடாகாது. ஆனால் ஒரு மேலாளர் உங்கள் எஸ்டிமேட்டைத் திருத்துவார், அதற்குப் பணமும் கொடுப்பார். எனக்கு அந்தத் திருத்தம் வெளியில் கிடைத்தது, ஹார்வியில் நான் அனுப்பிய முதல் பன்னிரண்டு எஸ்டிமேட்டில் ஒன்பது திரும்பி வந்தன, திருத்திய நேரத்துக்குக் கூலி இல்லை. வகுப்பு நடக்கும்போதே எஸ்டிமேட் போடும் எக்ஸாக்டிமேட் சாஃப்ட்வேரைப் பழகுங்கள். சைட்டில் அளவெடுத்து அளவுப் பட்டியல் எழுதிய கை உங்களுடையது, மற்றவர்கள் மூன்று மாதம் திணறுவது உங்களுக்கு மூன்று வாரத்தில் பிடிபட்டுவிடும். நேர்முகத்தில் அதைத்தான் முதலில் சொல்லுங்கள். ‘இந்திய அனுபவம்’ என்று கூச்சப்பட்டுக் கடைசியில் வைக்காதீர்கள்.

வெள்ளக் கிளெய்ம் பற்றி யாராவது ஆசை காட்டினால், அது இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. சாதாரண வீட்டு பாலிசியில் வெள்ளம் வராது, அது 1968-இல் தொடங்கிய மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வருவது. அதற்கு மாநில லைசென்ஸ் மட்டும் போதாது, மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் தனி அங்கீகாரம் வேண்டும், அதைப் பல வருட முழுநேர அனுபவம் காட்டினால்தான் கொடுப்பார்கள். இன்னொன்று, பெரும் புயல் வந்ததும் சில மாநிலங்கள் அவசரகால லைசென்ஸ் என்று தற்காலிகமாகக் கொடுக்கும். லைசென்ஸே இல்லாமல் போய்விடலாம் என்று அதைக் காட்டிச் சொல்வார்கள். உங்களைக் கூப்பிட ஒரு நிறுவனம் இருந்தால்தான் அது பயன்படும், வரிசையில் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்கள் நிற்கும்போது புதியவரை யார் கூப்பிடுவார்கள்?

விசா விஷயத்தில் நான் வக்கீல் இல்லை, அதனால் ஓரிரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். எச்-4 இஏடி 2015 மே மாதத்தில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் சம்பள வேலையும் செய்யலாம், சுயதொழிலும் செய்யலாம், ஆகவே ஸ்டாஃப், இண்டிபெண்டன்ட் இரண்டுமே திறந்திருக்கின்றன. உங்கள் கணவர் எச்-1பி-யில் இருந்துகொண்டு வார இறுதியில் இதையே பக்கத்தொழிலாகச் செய்யலாமே என்று யாராவது சொன்னால் செய்ய வேண்டாம், அது வேறு விதி. இஏடி புதுப்பிப்பு தாமதமானால் வேலையை நிறுத்த வேண்டி வரலாம். இதை வேலைக்குச் சேரும் முன்பே வக்கீலிடம் தேதி போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வட டெக்சஸில் ஆலங்கட்டி மார்ச்சில் இருந்து ஜூன் வரைதான் அதிகம் விழும், கம்பெனிகள் ஆள் எடுப்பதும் அதை ஒட்டித்தான். இப்போது வகுப்பில் சேர்ந்தால் தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் மூன்று வாரத்தில் முடியும். பணம் கட்டும் முன் வகுப்பின் பெயரில் ‘ஆல் லைன்ஸ்’ என்று இருக்கிறதா, டெக்சஸ் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், வெறும் ‘தேர்வுக்குத் தயார் செய்யும்’ வகுப்புகளும் அதே விலைக்கு விற்கிறார்கள். கைரேகைக்கு நேரம் வாங்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் இனிஷியல், அப்பா பெயர் குழப்பத்தில் என் விண்ணப்பம் ஒரு மாதம் தூங்கியது. ஏணி, காலணி எதையும் இப்போது வாங்காதீர்கள், ஸ்டாஃப் வேலை கிடைத்தால் ஏணி அவர்களே கொடுத்துவிடுவார்கள்.